பெல்ட்டுக்கும் ஒரு விரதம்

கார்த்திகை முதல் தேதி காலையில் ஆரோக்கியநாதனுக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

முந்தின நாள் சாயங்காலம்வரை ஏய், மாப்ள, உன்னைத்தான்டா என்று அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் கழுத்தில் துளசிமாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாக, நெற்றி நிறையச் சந்தனத்தோடு, செருப்பில்லாத கால்களோடு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். ஒரே ராத்திரியில் முக்கால்வாசிப் பேர் சாமியாகிவிட்டார்கள். சாமியைத் திட்ட முடியாது. மதுரைப் பக்கம் கட்டட வேலையில் இது எழுதாத சட்டம். மாலை போட்டவனை மேஸ்திரி அதட்டமாட்டார். இன்ஜினியர் வாடா போடா என்று பேசமாட்டார். வீட்டில் பெண்டாட்டிகூட அந்த இரண்டு மாதம் புருஷனைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்ட பிறகு என்ன கோபம் வந்தாலும் அது உள்ளேயே கிடக்கவேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியநாதனின் உத்தியோகமே திட்டுவதுதான்.

சமயநல்லூரைத் தாண்டி வாடிப்பட்டி போகிற நால்வழிச் சாலையின் ஓரத்தில் ஆறு மாடிக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அதில் அவர் சேஃப்டி ஆபீசர். வெள்ளை ஹெல்மெட், பளபளக்கிற பச்சை மேல்சட்டை, கழுத்தில் ஒரு விசில். இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதற்காகக் கம்பெனி அவரை வைத்திருந்ததே தவிர, அவர் எதையாவது செய்வார் என்று எதிர்பார்த்து வைக்கவில்லை. அவர்தான் வீணாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் ஒரு பஞ்சு மில்லில் தீயணைப்புப் பிரிவில் இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு டிப்ளமா படித்துவிட்டுக் கட்டடத்துக்கு வந்தார். ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் பிறவியிலேயே சேஃப்டி ஆபீசர். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அவர் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவரோரமாக உட்காரமாட்டார். ஏன் நாதன் இங்கிட்டே உக்காருறீங்க என்று ஃபாதர் ஒருமுறை கேட்டதற்கு, அந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒரே ஆணியில் நிற்கிறது என்று பதில் சொன்னார். ஃபாதர் அதற்கு மறுவாரமே இன்னும் மூன்று ஆணி அடிக்கவைத்தார். அதன் பிறகும் ஆரோக்கியநாதன் சுவரோரமாக உட்காரவில்லை.

அவர் மனைவி ஞானம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் ஸ்டூல் மேல் ஏறக் கூடாது என்று அந்த அம்மாளுக்குத் தடை. அதனால் முறுக்கு டப்பா முதல் பழைய சூட்கேஸ்வரை எல்லாம் தரையில்தான் இருக்கும். எங்க வீட்ல விழுறதுக்குன்னு எதுவுமே கிடையாது, ஆளுங்க தடுக்கி விழுந்தாத்தான் உண்டு என்று ஞானம் டீச்சர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

ஆரோக்கியநாதனுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே ஆயுதம் குரல். கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகக் கீழ்ச்சுதி பாடுகிற குரல். தரையில் நின்று கத்தினால் ஆறாவது மாடியில் ஆணி அடிக்கிறவனுக்குக் காதுக்குள் கேட்கும். அந்தக் குரலை அடக்குவதற்காகவாவது ஆட்கள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைப்பார்கள், பெல்ட்டை மாட்டுவார்கள். முக்கியமாக மருது.

மருதுவுக்குச் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடைப்பதும், அது இறுகிய பிறகு பலகையைத் தட்டிக் கழற்றுவதும். அதிலும் அவன் நிற்பது தளத்தின் வெளியோரத்தில். முன்னால் கட்டடம், பின்னால் காற்று, அதற்குப் பின்னால் கொடைரோடு போகிற பஸ். அந்த இடத்தில் நிற்கிறவன் பெல்ட் போட்டாக வேண்டும். தோள், இடுப்பு, தொடை என்று உடம்பைச் சுற்றி வார். முதுகிலிருந்து ஒரு கயிறு, கயிற்று முனையில் கொக்கி. கொக்கியைத் தளத்தில் இழுத்துக் கட்டியிருக்கும் இரும்பு வடத்தில் மாட்டிவிட்டால், கால் தவறினாலும் ஆள் தொங்குவானே தவிர விழமாட்டான். மருதுவுக்கு அது பிடிக்காது. மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது, கயிறு காலைத் தட்டுகிறது என்பான். அவனுடைய வேலை சுத்தமான வேலை. பயமில்லாத ஆள். பயமில்லாத ஆட்களைக் கண்டால்தான் ஆரோக்கியநாதனுக்குப் பயம்.

போதாக்குறைக்கு மருதுவின் மனைவி பேச்சி, கட்டடத்துக்கு எதிரே தார்ப்பாய் போட்டு இட்லிக்கடை வைத்திருந்தாள். ஆரோக்கியநாதன் காலையில் சாப்பிடுவது அங்கேதான். இட்லியை வைத்து, சட்னியை ஊற்றிவிட்டு, தினம் ஒரே கேள்வி கேட்பாள். அண்ணே, நேத்து அவரு பெல்ட்டு மாட்டினாரா?

பேச்சி சும்மா கேட்கவில்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஒரு கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்தவன். சாகவில்லை. எழுமலையில் அம்மா வீட்டில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறான். பேச்சி மாதம் ஒருமுறை போய், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, அவனைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவாள். சாவுக்குப் பயப்படுகிறவர்கள் வேறு. பேச்சிக்குத் தெரிந்த பயம் அந்தக் கட்டில்.

ஆரோக்கியநாதன் பொய் சொல்லமாட்டார். பெரிய கொள்கை என்றில்லை, பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் அதைச் சொல்லவேண்டியிருக்கும் என்கிற கூச்சம். ஐப்பசி கடைசிவரை அவருக்குக் கஷ்டமில்லை. மாட்டினான் தாயி, நாலு தடவை கத்தினேன், மாட்டினான் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கார்த்திகை பிறந்ததும் அந்த நிம்மதி போயிற்று. மருது கன்னிசாமி, அதாவது முதல் தடவை மலைக்குப் போகிறவன். அவன் வெறுங்காலோடு, வெறும் இடுப்போடு ஐந்தாவது மாடி ஓரத்தில் நின்றான். ஆரோக்கியநாதன் கீழே நின்று, சாமி, தயவுசெய்து பெல்ட்டை மாட்டிக்கிட்டு நில்லுங்க சாமி என்று கும்பிட்டுக் கேட்டார். முப்பது வருஷம் பாடிய குரல் மூன்றாவது மாடிக்குக்கூட ஏறவில்லை. மரியாதையாகப் பேசினால் அந்தக் குரலுக்குச் சத்தமே வராது என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கும்பிட்ட கையைப் பார்த்தே விஷயம் புரிந்த மருது மேலேயிருந்து புன்னகைத்து, ஐயப்பன் பாத்துக்கிருவாரு சார் என்றான்.

அவர் இன்ஜினியர் ஜெயராமிடம் போனார். ஜெயராம் சின்ன வயசுக்காரர். கட்டடம் நிற்பதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அதில் ஆட்கள் நிற்பதைப் பற்றி யோசிக்க நேரமில்லாதவர்.

"நாதன் சார், உங்க பேரு ஆரோக்கியநாதன். அவங்க மாலை போட்ட சாமி. நீங்க ஏதாவது சொல்லி, அது வேற மாதிரி ஆச்சுன்னா, நடுவுல நான் மாட்டிக்கிருவேன். தை பொறக்கட்டும் சார்."

தை பிறக்கும்வரை புவியீர்ப்பு விசை காத்திருக்குமா என்று ஆரோக்கியநாதன் கேட்கவில்லை. செருப்புப் போடச் சொல்லித்தான் வழியில்லை, காலில் ஆணியாவது ஏறாமல் இருக்கட்டும் என்று, ஒரு கம்பு முனையில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு, சாமிகள் வருவதற்கு முன்னால் தளம் தளமாக ஆணி பொறுக்க ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டு காலங்காத்தாலே சுற்றிவருகிறவரைப் பார்த்துவிட்டு, நாதன் சாரும் ஏதோ வேண்டுதல்போல என்று சித்தாள் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே மருது வழுக்கினான். பலகைக்குப் பூசுகிற எண்ணெயில் வெறுங்கால் போய்விட்டது. தூண் கம்பி கைக்கு எட்டியதால் பிடித்துக்கொண்டான். கையிலிருந்த பலகை மட்டும் ஐந்து மாடி இறங்கி, கீழே இருந்த காலி டிரம்மை இரண்டாகப் பிளந்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள். சாமியே சரணம் என்று கத்தினார்கள். பார்த்தீர்களா, பெல்ட் இல்லாமலே பகவான் பிடித்துக்கொண்டார் என்றார்கள். ஆரோக்கியநாதன் பிளந்த டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, இருமி மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பேச்சி இட்லியை வைத்துவிட்டுக் கேட்டாள். சாமி நேத்து பெல்ட்டு மாட்டுச்சாண்ணே?

"சட்னி இன்னைக்கு நல்லா இருக்கு தாயி."

பேச்சி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "எங்கிட்டச் சட்னியப் பத்திச் சொல்லாதீகண்ணே" என்றாள். அவர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

யோசனை வந்தது வேறு இடத்திலிருந்து. கம்பி கட்டுகிற ஒரு சாமியின் மாலை கம்பி முனையில் சிக்கிக்கொண்டது. தலைவழியாகக் கழற்றினால் ஒரு நொடி வேலை. அந்த ஆள் கழற்றவில்லை. குனிந்தபடியே நின்று, ஒவ்வொரு மணியாக நகர்த்தி, வேர்த்து விறுவிறுத்து விடுவித்துக்கொண்டான். ஆரோக்கியநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாலையும் தொந்தரவுதான். குனிந்தால் முன்னால் தொங்குகிறது, வேர்வையில் கழுத்தை அறுக்கிறது. தொந்தரவு என்று யாரும் அதைக் கழற்றுவதில்லை. ஏனென்றால் அதைப் போட்டது குருசாமி.

குருசாமி தூரத்தில் இல்லை. அந்தக் கட்டடத்தின் மேஸ்திரி காசிமாயன்தான். எத்தனையோ வருஷமாக மலைக்குப் போகிறவர், அங்கே இருந்த சாமிகளுக்கெல்லாம் தன் கையால் மாலை போட்டவர். ஆரோக்கியநாதன் ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். மாலையைப் போட்ட மாதிரி இதையும் உங்கள் கையால் போட்டுவிட வேண்டும் குருசாமி என்றார்.

காசிமாயன் பெல்ட்டைத் தொடாமல் பார்த்தார். "இது யாரு யாரு இடுப்புல கெடந்ததோ. கறி தின்னவன், தண்ணியடிச்சவன் அம்புட்டுப் பேரும் போட்டது. இத எப்படி சாமி மேல ஏத்துறது?"

கழுவித் தருகிறேன் என்றார் ஆரோக்கியநாதன். எதில் என்று கேட்டார் காசிமாயன். பெல்ட் செய்த கம்பெனி சோப்புத் தண்ணீரில்தான் கழுவச் சொல்லியிருந்தது. காசிமாயன் மஞ்சள் தண்ணீர் என்றார். கடைசியில் முதலில் சோப்பு, பிறகு மஞ்சள் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலையில் ஸ்டோரில் இருந்த பெல்ட் எல்லாம் மஞ்சள் வாசனையோடு, கம்பிக் கட்டின் மேல் வரிசையாகக் காய்ந்தன. சிமெண்ட் ஷெட்டில் சாமி படத்துக்கு முன்னால் அவற்றை அடுக்கி, விபூதி போட்டு, காசிமாயன் கற்பூரத்தைக் கொளுத்தினார். தள்ளி நின்றிருந்த ஆரோக்கியநாதன் இடையில் ஒருமுறைதான் பேசினார்.

"கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க குருசாமி. அது நைலான்."

போட்டுவிடுகிறவர் முதலில் தானும் போட்டிருக்க வேண்டும் அல்லவா. காசிமாயன் மேஸ்திரியான நாளிலிருந்து பெல்ட் போட்டதில்லை. அன்று போட்டார். தொப்பைக்குத் தாங்கலாக இருக்கிறது என்று அவருக்கே பிடித்துப்போயிற்று. பிறகு ஒவ்வொரு சாமியாக வந்து குனிய, பெல்ட்டைக் கண்ணில் ஒற்றி, சரணம் சொல்லி மாட்டிவிட்டார். மாட்டி முடித்து எல்லாரையும் பார்த்து, மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டுற வரைக்கும் இதயும் விடக் கூடாது, சொல்லிப்புட்டேன் என்றார்.

ஆரோக்கியநாதனுக்கு அந்த வாக்கியம் தேனாக இனித்தது. எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தைப் பார்க்கிற மனுஷன், அந்த வாக்கியத்துக்கும் ஓர் ஓரம் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. சாமிகள் பெல்ட்டை விடவே இல்லை. ஓரத்தில் நிற்கும்போது மாட்டச் சொன்னால், தரையில் மணல் சலிக்கும்போதும் மாட்டியிருந்தார்கள். சாப்பிடும்போதும் அதோடுதான். மருது கன்னிசாமி, எது விரதம் எது வேலை என்று பிரிக்கத் தெரியாதவன். அவன் வீட்டுக்கும் அதோடு போனான். ஒருநாள் மதுரைக்குப் போகும்போது டவுன் பஸ்ஸில் அவன் கொக்கி பிடிகம்பியில் மாட்டிக்கொண்டு, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினான். குளிக்கும்போது மட்டும் கழற்றி, படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டு, குளித்ததும் சரணம் சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டான். மாலை போடாத ஆட்களுக்கு ஏக்கமாகிவிட்டது. எங்களுக்கும் ஒரு பெல்ட் கொடுங்கள், நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டு வந்தார்கள். பெல்ட் கேட்டு வரிசையில் நிற்கிற தொழிலாளிகளை ஆரோக்கியநாதன் சொப்பனத்தில்கூடக் கண்டதில்லை.

ஹெட் ஆபீசிலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். தொழிலாளர்களின் மனப்போக்கை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். கழுவிக் கொடுத்தேன் என்றார். அவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த மார்கழியில் ஆரோக்கியநாதன் சந்தோஷமாக இருந்தார். பேச்சி கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள், கேட்காமலே இன்னொரு வடை வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக் செய்யச் சொல்லி, சாமிகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஞானம் டீச்சர் அந்த நல்ல நேரத்தைப் பயன்படுத்தி முறுக்கு டப்பாவைப் பரண்மேல் ஏற்றினார். அதைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாமிகள் மலைக்குப் போனார்கள், ஜோதி பார்த்தார்கள், திரும்பினார்கள். பொங்கல் லீவு முடிந்து வேலை தொடங்கிய காலையில் ஆரோக்கியநாதன் கேட்டில் காத்து நின்றார். இத்தனை நாள் போட்டுப் பழகிய உடம்பு, இனி பெல்ட் இல்லாமல் நிற்காது என்பது அவர் கணக்கு. ஆட்கள் வந்தார்கள். சட்டை, பேன்ட், காலில் செருப்பு. கழுத்தில் மாலை இல்லை. இடுப்பில் பெல்ட்டும் இல்லை.

பெல்ட் எங்கே என்று மருதுவைக் கேட்டார். மாலையைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றியாயிற்று என்றான். மற்ற எல்லாருடைய பெல்ட்டும் சிமெண்ட் ஷெட்டில், சாமி படத்துக்குக் கீழே, மாலைகளோடு தொங்குகிறது. தன்னுடையதை மட்டும் வீட்டில் படத்தில் மாட்டி, பொட்டு வைத்து, பூப் போட்டிருக்கிறான். சரி, எடுத்து மாட்டிக்கொண்டு ஏறு என்றார் ஆரோக்கியநாதன். மருது அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார், நேத்துத்தேன் கறி தின்னேன். கறி தின்ன ஒடம்புல அத எப்படி சார் ஏத்துறது? சாமி குத்தமாயிரும். ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுண்டா?"

பிரிக்காத புதுப் பெல்ட் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கொண்டுவந்து நீட்டினார். மருது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெல்ட்டுண்டா எல்லாம் பெல்ட்டுதான சார், விபூதியில புதுசு பழசு பாக்குறோமா என்றான். ஆரோக்கியநாதன் காசிமாயனைத் தேடிப் போனார். காசிமாயன் தலையைச் சொறிந்தார். போட்டுவிட மட்டும்தான் தனக்குத் தெரியும், சாமி ஏறியதை இறக்கிவைக்க வழி தெரியாது, அடுத்த கார்த்திகைவரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்திலும் சந்தோஷமில்லை.

முன்பு தொந்தரவாக இருந்தது இப்போது பாவமாகியிருந்தது. தொந்தரவைத் திட்டிச் சமாளிக்கலாம். பாவத்தை என்ன செய்வது? அன்றைக்கு வேலை ஆறாவது மாடி ஓரத்தில். ஆரோக்கியநாதன் மாடிப்படியின் வாயில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஜெயராம் வந்து, நாளைக்குக் கான்கிரீட் வண்டி வருகிறது, வழியை விடுங்கள் சார் என்றார். அவர் விடவில்லை. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மருது வெளிப்பக்கச் சாரம் வழியாக ஏறிப் போய்விட்டான்.

ஆரோக்கியநாதன் வெளியே ஓடிவந்து கத்தினார். இப்போது அவன் சாமியில்லை. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு ஆட்களே காதைப் பொத்திக்கொள்கிற வார்த்தைகளும் அதில் இருந்தன. எதிரே சாலையில் போன லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, தன்னைத்தான் சொல்கிறாரோ என்று எட்டிப் பார்த்தார். மருது மட்டும் திரும்பவில்லை. முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு சுத்தியலை ஓங்கினான்.

அப்புறம் ஆரோக்கியநாதன் கத்துவதை நிறுத்தினார். ஹெல்மெட்டோடு சாலையைக் கடந்து இட்லிக்கடைக்குப் போனார். பேச்சி யாருக்கோ பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டு மாட்டலை தாயி" என்றார். "என்னால முடியலை." பிறகு மருது சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். கறியை, சாமி குற்றத்தை, வீட்டுப் படத்தை.

பேச்சி முழுவதையும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களிடம் தண்ணீர்க் குடத்தைக் காட்டிவிட்டு, பின்னால் இருந்த சந்துக்குள் போனாள். அவர்கள் வீடு அங்கேதான். திரும்பி வரும்போது தோளில் மருதுவின் பெல்ட் கிடந்தது. வாரில் குங்குமம், கொக்கியில் வாடிய செவ்வந்தி. கேட்டில் ஆரோக்கியநாதன் அவளுக்கு ஒரு ஹெல்மெட்டை நீட்டினார். அந்த நேரத்திலும் அவருக்கு அது மறக்கவில்லை. அவள் கொண்டைமேல் அதை வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மருது மேலேயிருந்து பார்த்தான். என்னவோ ஏதோவென்று சாரத்தைப் பிடித்து இறங்கி வந்தான். அவள் தோளில் கிடப்பதைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. வேலை நின்றது. காசிமாயன், ஜெயராம், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஏ, அத ஏன் எடுத்த? படத்துல இருந்தது…"

"நாந்தேன் எடுத்தேன். எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு."

அங்கே நின்ற எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். அந்த நாட்களில் பெண்பிள்ளை சாமி காரியத்துப் பக்கம் போகமாட்டாள். விளக்கைத் தொடமாட்டாள், படத்தைத் தொடமாட்டாள், வீட்டில் மாலை போட்டிருந்தால் அந்த வாசலிலேயே நிற்கமாட்டாள். தொட்டுவிட்டால் தொட்டதில் சாமி தங்காது. அதை இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே ஒருத்தி வாய்விட்டுச் சொல்லி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. ஜெயராம் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவள் சொன்னது நிஜந்தானா என்று ஆரோக்கியநாதன் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"படத்துலருந்து எடுத்தேன். தோள்ல போட்டுச் சொமந்துக்கிட்டு வந்தேன். இனிமே இதுல சாமி கெடயாது, வெறும் பெல்ட்டு. கறி தின்னுட்டுப் போடலாம், என்ன கருமத்தத் தின்னுட்டும் போடலாம்." அவள் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உடைந்தது. "எங்கண்ணனுக்குச் செய்யிறதுக்கே எங்கையில தெம்பு இல்ல. இன்னொருத்தரத் தூக்கித் திருப்பிப் போட என்னால ஆகாது. ஒங்களுக்குச் சாமி குத்தம் வருமுண்டா அது எந்தலையில வரட்டும். போடுங்க."

மருது காசிமாயனைப் பார்த்தான். காசிமாயன் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மருது கையை நீட்டினான். பேச்சி கையில் கொடுக்கவில்லை, அவளே மாட்டிவிட்டாள். தோள் வாரை இழுத்து, தொடை வாரைச் சரிசெய்து, இடுப்பில் பூட்டி, பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆரோக்கியநாதன் அவளுக்குப் பின்னால் நின்று, மார்பு வார் ஒரு விரல் தளர்ந்திருக்கிறது தாயி என்று மெதுவாகச் சொன்னார். அவள் அதையும் இறுக்கினாள். மருது மாடிப்படி வழியாக மேலே ஏறிப் போனான்.

மற்றவர்கள் கலையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் எங்கே தொங்குகிறது என்று கேட்டாள். சிமெண்ட் ஷெட்டின் வாசலில் நின்றிருந்த காசிமாயன், கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து வழியை விட்டார்.

ஆரோக்கியநாதன் ஷெட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பேச்சி உள்ளே போய், படத்தைத் தொடாமல், மாலைகளைத் தொடாமல், பெல்ட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து எடுத்து, உதறி, தோளில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அலமாரியில் பிரிக்காமல் இருந்த புதுசையும் கேட்டு வாங்கி, உறையைக் கிழித்து, கையால் தடவினாள். எல்லாவற்றையும் கம்பிக் கட்டின் மேல் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"அம்புட்டையும் தொட்டுட்டேண்ணே" என்றாள். "இனிமே புதுசு வந்தாச் சொல்லி விடுங்க. வந்து தொட்டுக் குடுத்துட்டுப் போறேன்."